அப்பா இறந்த பிறகு வரி: எதை அம்மா பெயரில் சேர்க்கலாம், எதைப் பிரித்தே வைக்கலாம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர். 2025 அக்டோபரில் காலமானார். உயில் எழுதவில்லை. மதுரை திருநகரில் வீடு, கீழமாசி வீதிப் பக்கம் மாதம் 60,000 ரூபாய் வாடகை வரும் ஒரு கடை, வாடிப்பட்டிப் பக்கம் இரண்டரை ஏக்கர், வங்கியில் 40 லட்சம் டெபாசிட். எல்லாம் அவர் சொந்தமாகச் சம்பாதித்தது. அம்மாவுக்கு 66 வயது, மாதம் 30,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. உங்கள் சம்பளம் வருடம் 18 லட்சம். தம்பி சிங்கப்பூரில். "வாரிசுச் சொத்துக்கு வரியே கிடையாது, விடுக்கா" என்கிறார் தம்பி. "எல்லாவற்றையும் அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வங்கியோ அப்பாவின் பான் எண்ணில் இன்னமும் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடித்துக்கொண்டிருக்கிறது.

தம்பி சொல்வது பாதி சரி. 1953ஆம் ஆண்டின் எஸ்டேட் டூட்டி சட்டம் 1985 மார்ச்சோடு போய்விட்டது. அதற்குப் பிறகு இந்தியாவில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு, அது கைமாறுகிறது என்ற ஒரே காரணத்துக்காக, வரி கிடையாது. ஆனால் சொத்து வந்த மறுநாளே அது வாடகை தரும், வட்டி தரும். அந்த வருமானம் யாருடையது என்ற கேள்வி அப்பா இறந்த தேதியிலேயே தொடங்கிவிடுகிறது.

சொந்தக்காரர்கள் சொல்வதும் பாதிதான் சரி. எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்ப்பது உங்கள் குடும்பத்துக்கு நல்ல யோசனை இல்லை. மாதாமாதம் வருமானம் தரும் சொத்தை அம்மா பெயரில் சேர்ப்பதில் லாபம் இருக்கிறது. விற்கப்போகும் சொத்தைப் பல பேர் பெயரில் பிரித்தே வைப்பதில் லாபம் இருக்கிறது. காரணத்தைக் கணக்கோடு கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் அப்பாவின் கடைசி ரிட்டர்ன். 2025 ஏப்ரல் 1 முதல் அவர் இறந்த நாள் வரை உள்ள ஓய்வூதியம், வாடகை, வட்டி எல்லாம் அவருடைய வருமானம். அதற்கு அவருடைய பான் எண்ணிலேயே, வாரிசு என்ற முறையில் உங்களில் ஒருவர் ரிட்டர்ன் போட வேண்டும். கெடு 2026 ஜூலை 31. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம். 2025-26 வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

"அதான் வரம்புக்குள்ளதானே இருக்கு, எதுக்கு ரிட்டர்ன்?" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் பணம் போகிறது. ஒருவர் வருடத்தின் நடுவில் இறந்தாலும் அவருக்கான வரம்புகள் முழு வருடத்துக்கு உள்ளபடியே கிடைக்கும். ஆறு மாதம்தான் இருந்தார், அதனால் 4 லட்சம் விலக்கு 2 லட்சமாகும் என்றெல்லாம் கிடையாது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாமல் செய்யும் 60,000 ரூபாய் தள்ளுபடியும் முழுசாக உண்டு, ஓய்வூதியத்துக்கான 75,000 கழிவும் முழுசாக உண்டு. ஆறரை மாத வருமானத்துக்கு முழு வருட வரம்பு என்றால், பிடித்த டிடிஎஸ் பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும்.

இதற்கு வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் கணக்கில் நுழைந்து, இறந்தவரின் வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பான் நகல், உங்கள் பான், வாரிசு என்பதற்கான ஆதாரம் வேண்டும். வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் விண்ணப்பித்து வாங்குகிறோம். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து வரக் கொஞ்சம் காலம் பிடிக்கும், அதனால் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள். பீபீகுளம் வருமான வரி அலுவலகத்துக்கு நேரில் அலைய வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த ஜாயின்ட் கணக்கு இருந்தால் ரீஃபண்டு வரும்வரை அதை மூட வேண்டாம். பான் எண்ணைச் சரண்டர் செய்வது எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக. காரியம் முடிந்த கையோடு பானைச் சரண்டர் செய்துவிட்டு, ரீஃபண்டு எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவுக்கு ஏதாவது பழைய வரிப் பாக்கி இருந்து நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம். வாரிசு என்ற முறையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்தான். ஆனால் உங்கள் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவோடு நிற்கும். உங்கள் சம்பளத்தில் கைவைக்க முடியாது.

இனி இறந்த மறுநாள் முதல் வந்த வருமானம். இங்கே உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைக் கவனித்தேன்: "அப்பத்தாவும் எங்களோடுதான் இருக்கிறார்." இதுதான் உங்கள் வழக்கில் முக்கியமான வரி. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் இருக்கிறார். தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். ஆக உங்கள் குடும்பத்தில் பங்கு நான்கு: அம்மா, நீங்கள், தம்பி, அப்பத்தா, ஆளுக்குக் கால் பாகம். வாரிசுச் சான்றிதழிலும் அப்பத்தா பெயர் வந்தாக வேண்டும்.

அப்பத்தா பங்கை அப்படியே விட்டால் என்ன ஆகும்? அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கால் பாகத்துக்கு உங்கள் சித்தப்பா, அத்தைமார் எல்லாரும் வாரிசாகிவிடுவார்கள். இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்களுக்கும் தம்பிக்கும் அதில் ஒரு பங்கு வரும், அவ்வளவுதான். சொந்தம் நன்றாக இருக்கும்போது இதைப் பேசுவதே சுலபம். அவர் மனம் ஒத்துக் கொடுப்பதாக இருந்தால், பேரன் பேத்தி பெயருக்குக் கொடுக்கட்டும். பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வரும் சொத்துக்கு வரி கிடையாது. அவருடைய மருத்துவச் செலவு, கைச்செலவு என்ன ஆகும் என்பதையும் அதே உட்காரலில் பேசி முடிவுசெய்யுங்கள். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவது முறையில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தவும் கூடாது, அது அவருடைய சொத்து. (இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அவர்கள் தனிச்சட்டமும், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் பங்கைத் தீர்மானிக்கும். பங்கு மாறுமே தவிர, வரிக் கணக்கு ஒன்றுதான்.)

சரி, கடை வாடகை. வருடம் 7.2 லட்சம். வாடகை வருமானத்தில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். மாநகராட்சிக்குக் கட்டிய சொத்துவரியையும் கழிக்கலாம், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மிச்சம் 5.04 லட்சம். நான்கு பங்கு என்றால் ஆளுக்கு 1.26 லட்சம். டெபாசிட் வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் 2.8 லட்சம், ஆளுக்கு 70,000. உங்கள் சம்பளத்துக்கு மேல் இந்த 1.96 லட்சம் சேரும்போது அது 20 சதவீத அடுக்கில் விழும், செஸ் என்ற மேல்வரியோடு சேர்த்து வருடத்துக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம் உங்கள் கையிலிருந்து போகும். தம்பி வெளிநாட்டில் குடியிருப்பவர், அதனால் அவருக்குத் தொல்லை வேறு மாதிரி. அவருடைய பங்கு வாடகையிலிருந்து கடைக்காரர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு ஒரு ரூபாய் வாடகை கொடுத்தாலும் பிடிக்க வேண்டும், கீழ்வரம்பு எதுவும் இல்லை. தம்பிக்கு இந்திய வருமானம் 4 லட்சத்துக்குள்தான், வரி வராது. ஆனால் பிடித்ததைத் திரும்ப வாங்க வருடா வருடம் ரிட்டர்ன் போட வேண்டும். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவரிடம் போய் இதையெல்லாம் விளக்கி, பிடித்துக் கட்டச் சொல்லிப் பாருங்கள்; அடுத்த மாதமே கடையைக் காலி செய்வதாகச் சொல்வார்.

அதே வருமானம் முழுவதும் அம்மாவுடையதானால்? குடும்ப ஓய்வூதியம் வருடம் 3.6 லட்சம். இது சம்பளத் தலைப்பில் வராது, 'இதர வருமானம்'. அதனால் அப்பாவுக்குக் கிடைத்த 75,000 கழிவு அம்மாவுக்குக் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் குறைந்ததுதான். மிச்சம் 3.35 லட்சம். வாடகை 5.04, வட்டி 2.8. மொத்தம் 11.19 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுத்ததன் வருமானத்தைப் பிள்ளைகள் கணக்கில் சேர்க்கும் விதி சட்டத்தில் இல்லை. அதனால் இது நேர்மையான, கேள்வி வராத வழி.

ஒன்று மட்டும்: "வாடகையை அம்மாவே வாங்கிக்கொள்ளட்டும்" என்று வாயால் சொல்வது போதாது. சொத்து உங்கள் பெயரில் இருந்து வாடகை மட்டும் அம்மாவுக்குப் போனால் வரி உங்களுக்குத்தான். கடையில் உங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் கூட்டிய பிறகும் கிரையப் பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பணம் வாங்காமல் விடுதலை செய்தால் உங்களுக்கும் வரி இல்லை, அம்மாவுக்கும் இல்லை. "எனக்குப் பத்து லட்சம் கொடு, எழுதித் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு எழுதினால் அது விற்பனை மாதிரி. பணம் வாங்கினவருக்கு மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தை விற்ற லாபத்துக்கான வரி, வரும். அதையும் ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் தனி. எங்கள் பக்கத்தில் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்கும்போது பையில் பணம் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

தம்பி மதுரைக்கு வரும்போது பதிவை வைத்துக்கொள்வது நல்லது. வர முடியாது என்றால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும்.

இப்போது நிலம். விற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அது வரிக்கு உட்பட்டதா என்று பாருங்கள். கிராமப்புற விவசாய நிலம் சட்டத்தின் கண்ணில் மூலதனச் சொத்தே இல்லை. எத்தனை கோடிக்கு விற்றாலும் ஆதாய வரி கிடையாது. எது கிராமப்புறம் என்பதற்குத் தூரக் கணக்கு இருக்கிறது. நகராட்சியோ பேரூராட்சியோ எதுவானாலும், மக்கள்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர், 10 லட்சத்தைத் தாண்டினால் 8 கிலோமீட்டர். அந்த எல்லைக்குள் இருந்தால் வரி உண்டு. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சி 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதனால் நமக்கு 8 கிலோமீட்டர். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து அளப்பவர்கள் இருக்கிறார்கள். அளக்க வேண்டியது மாநகராட்சி எல்லையிலிருந்து, அதுவும் நேர்கோட்டில், சாலை வழியாக அல்ல. 2011இல் ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் நிலத்துக்கு இந்த 8 கிலோமீட்டரும் பார்க்க வேண்டும், வாடிப்பட்டிப் பேரூராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டரும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வெளியே இருந்தால் சிட்டா, அடங்கல் எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக விற்கலாம். அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டு விவசாய நிலம் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லைக்கு உள்ளே இருந்தால்தான் கணக்கு தேவை. வாரிசாக வந்த சொத்துக்கு உங்களுக்குச் செலவு பூஜ்யம் என்று நினைக்க வேண்டாம். அப்பா வாங்கிய விலை உங்கள் விலை, அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். அவர் 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருந்தால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒரு அறிக்கை வாங்கி வைத்துவிடுங்கள்.

வரி இரண்டு விதம். 2024 ஜூலை 23க்குப் பிறகு நேராக 12.5 சதவீதம். அதற்கு முன் வாங்கிய நிலம், கட்டடம் என்றால் இங்கே குடியிருப்பவர்கள் பழையபடி பணவீக்கக் குறியீட்டால் விலையைக் கூட்டி, 20 சதவீதம் கட்டுவதோடு ஒப்பிட்டு, குறைந்ததைக் கட்டலாம். 2001இல் 100 ஆக இருந்த குறியீடு 2025-26க்கு 376. பென்சிலால் போட்டுப் பார்த்தால், 2001 மதிப்பைப் போல எட்டேகால் மடங்குக்கு மேல் கொஞ்சம் தாண்டி விற்றாலே 12.5 சதவீதம்தான் குறைவு. மதுரையைச் சுற்றி நிலம் ஏறிய ஏற்றத்துக்குப் பெரும்பாலும் புதிய முறையே ஜெயிக்கிறது. சிங்கப்பூர் தம்பிக்கு இந்தத் தேர்வே கிடையாது, 12.5 மட்டும்தான்.

இங்கேதான் "எல்லாம் அம்மா பெயரில்" என்ற யோசனை உதைக்கிறது. 1.2 கோடிக்கு விற்கிறீர்கள், 2001 மதிப்பு 8 லட்சம் என்று வைப்போம். ஆதாயம் 1.12 கோடி. ஆர்இசி, பிஎஃப்சி போன்ற நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் போட்டால் அந்தத் தொகைக்கு வரி விலக்கு உண்டு, ஆனால் ஒருவருக்கு 50 லட்சம்தான் வரம்பு. அம்மா ஒருவர் பெயரிலேயே நிலம் இருந்தால் 50 லட்சம் போக 62 லட்சம் வரிக்கு நிற்கும். 12.5 சதவீதம் 7.75 லட்சம். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி 10 சதவீதம், மேலே 4 சதவீதம் செஸ். அதோடு போகவில்லை. அந்த வருடம் அவருடைய மொத்த வருமானம் 12 லட்சத்துக்கு மேல் போய்விட்டதால், வாடகைக்கும் ஓய்வூதியத்துக்கும் கிடைத்துக்கொண்டிருந்த தள்ளுபடியும் காணாமல் போகும். மொத்தம் 9 லட்சத்தைத் தாண்டும்.

நான்கு பங்காகவே வைத்திருந்து விற்றால் ஆளுக்கு 28 லட்சம் ஆதாயம். ஆளுக்கு 28 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் நான்கு பேருக்கும் இந்த விற்பனையால் வரி பூஜ்யம், அம்மாவின் தள்ளுபடியும் தப்பிக்கும். அப்பத்தா முன்பே எழுதிக் கொடுத்து மூன்று பங்கானாலும் ஒவ்வொருவரும் 50 லட்சத்துக்குள்தான். பத்திரத்தில் பணம் ஐந்து வருடம் முடங்கும், வட்டியும் குறைவு, அந்த வட்டிக்கு வரியும் உண்டு. சொந்தக் கருத்தாகச் சொன்னால், ஆதாயம் சிறியதாக இருந்தால் 12.5 சதவீதத்தைக் கட்டிவிட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதே மேல். விற்ற பணத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினாலும் விலக்கு உண்டு, கடைசி இரண்டு வருடம் விவசாயம் நடந்திருந்தால்.

விற்கும்போது பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லி வாங்குபவர் கேட்பார். வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வைத்து வரி போடுவார்கள். தம்பியின் பங்குக்கு வாங்குபவர் விற்பனைத் தொகை முழுவதற்கும் டிடிஎஸ் பிடிக்கப் பார்ப்பார். அதற்கு முன்பே வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கிவிட்டால் பணம் மாட்டாது.

டெபாசிட்டுக்கு வருகிறேன். அம்மாதான் நாமினி என்பதால் பணம் அவர் கைக்கு வரும். நாமினி என்றால் வாங்கி வைத்திருப்பவர், உரிமையாளர் இல்லை. 1984இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான், 2023இல் கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) அதையே சொன்னது. உங்களுக்குள் ஒத்துப்போய் அம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்றால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வங்கிக்கு இறப்புச் சான்றிதழோடு இன்றே எழுதிக் கொடுங்கள். நாமினி இருக்கும் கணக்குகளில் ஆவணம் சேர்ந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இறந்த பிறகும் அப்பாவின் பானில் ஏறிய வட்டியை நாள் கணக்காகப் பிரித்து, பின்பகுதியை வாரிசுகள் தங்கள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். அதற்கான டிடிஎஸ்ஸை வாரிசு பெயருக்கு மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். தாமதித்தால் இந்தப் பிரிப்பு வேலை ஒவ்வொரு காலாண்டும் வளரும்.

ஆயுள் காப்பீட்டில் இறப்புக்காக வந்த தொகைக்கு வரி இல்லை. நகைக்கு, யாருக்கு எது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தால் போதும். பின்னால் விற்கும்போது 'இது எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். திருநகர் வீட்டில் குடியிருப்பதால் வருமானம் இல்லை, அதை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் நிறையப் பேர் படிப்பீர்கள் என்பதால்: உரிமையாளர் இறந்தால் அவர் பெயரிலான ஜிஎஸ்டி எண் தொடராது. தொழிலைத் தொடரும் வாரிசு தன் பானில் புதிய பதிவு எடுத்து, மிச்சமுள்ள உள்ளீட்டு வரிக் கடனை (சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை) ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொண்டு, அதன் பிறகே பழைய எண்ணை ரத்து செய்ய வேண்டும். வரிசை மாறினால் அந்தக் கடன் போய்விடும். இறந்தவரின் தொழில் நஷ்டத்தை, அதே தொழிலை வாரிசாக ஏற்று நடத்துபவர் முன்னோக்கி எடுத்துப்போகலாம்.

உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடியது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கணவன் மனைவிக்கோ, மாமனார் மாமியார் மருமகளுக்கோ பணம், சொத்து கொடுத்தால் அதிலிருந்து வரும் வருமானம் கொடுத்தவர் கணக்கில்தான் சேரும். வயது வந்த பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கொடுத்தால் சேராது. ஆனால் அதே சொத்து உயில் மூலம் மனைவிக்குப் போனால் அது முழுக்க அவருடையது. உயில் எழுத இது ஒரு நல்ல காரணம், யாரும் சொல்வதில்லை. தாய்மாமன், சித்தப்பா, அத்தை கொடுப்பதற்கு வரி இல்லை. பெரியப்பா மகன் கொடுத்தால், சட்டத்தின் பட்டியலில் அவர் உறவினரே இல்லை. இப்படி வெளியாரிடமிருந்து வருவது வருடத்தில் 50,000 தாண்டினால் முழுவதற்கும் வரி. கல்யாண மொய்க்கு விலக்கு உண்டு. காதணி விழா மொய்க்கு அந்த விலக்கு கிடையாது! உசிலம்பட்டிப் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பம் என்று தனிப் பான் எடுத்து வரி மிச்சம் பிடிக்கலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் சுயசம்பாத்தியம் உங்களுக்குத் தனிச்சொத்தாகத்தான் வந்திருக்கிறது, அது தானாகக் கூட்டுக் குடும்பச் சொத்தாகாது. 12 லட்சம் வரையிலான தள்ளுபடியும் கூட்டுக் குடும்பத்துக்கு இல்லை. உங்கள் அளவுக்கு அது வீண் வேலை.

கடையையும் டெபாசிட்டையும் அம்மா பெயரில் சேர்த்த அன்றே அம்மாவும் ஒரு உயில் எழுதட்டும். மதுரையில் உள்ள சொத்துக்கு உயிலை நீதிமன்றத்தில் புரொபேட் செய்ய (மெய்ப்பித்து உறுதி வாங்க) வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். பின்னால் கையெழுத்து அவருடையதுதானா என்ற சண்டை குறையும். சாட்சி இரண்டு பேர், உயிலால் பயன்பெறாதவர்கள், அம்மாவைவிட வயதில் இளையவர்கள்.